‘முடியாது’ என்பதை எழுதிக் கொடுங்கள்

“பையனுக்குப் பரீட்சை எழுத ஆளெல்லாம் தர முடியாதும்மா. சதவீதம் பத்தல.”

அலுவலக மேசைக்கு அந்தப் பக்கமிருந்து இப்படி ஒரு வரி வருகிறது. இந்தப் பக்கம் நிற்கும் அம்மா, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறி வந்தவர். “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். அவர் கையில் தாள் இல்லை, அலுவலகப் பதிவேட்டில் வரி இல்லை. மறுத்ததற்கான தடயம்கூட இல்லாமல் ஒரு பிள்ளையின் உரிமை மறுக்கப்பட்டுவிட்டது.

பள்ளிக்கூடத்தில் சாதி என்றதும் நமக்குக் கைக்கயிறு நினைவுக்கு வரும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் விழுந்த அரிவாள் வெட்டு நினைவுக்கு வரும். வரத்தான் வேண்டும். ஆனால் ரத்தம் சிந்தாமல், சத்தமும் இல்லாமல் நடக்கும் வெளியேற்றம் ஒன்று இருக்கிறது. கற்றலில் தனிக் கவனம் தேவைப்படும் ஒரு தலித் பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்குப் போய், பிறகு வேலைக்குப் போய்விடுவது அது.

எழுத்துகள் இடம்மாறித் தெரியும் இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை நகரத்துத் தனியார் பள்ளியில் படிக்கிறது. அப்பாவும் அம்மாவும் படித்தவர்கள். உளவியலாளரிடம் கூட்டிப்போகிறார்கள். ‘டிஸ்லெக்சியா’ என்று அறிக்கை வருகிறது, சான்றிதழ் வருகிறது, தேர்வில் கூடுதல் நேரமும் வருகிறது. இன்னொரு பிள்ளை காலனியிலிருந்து அரசுப் பள்ளிக்கு வருகிறது. அதற்குக் கிடைக்கும் அறிக்கை ஒரே சொல்தான்: ‘மக்கு’. சில இடங்களில் அதோடு இன்னொரு வாக்கியமும் சேர்ந்துகொள்ளும்: “இதுங்களுக்குப் படிப்பு எங்க வரும்?” ஒரே சிக்கல் ஒரு வீட்டில் நோயறிதலாகவும் இன்னொரு வீட்டில் சாதிக் குணமாகவும் ஆகிவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம், பட்டியல் சாதியினரில் 2.45 சதவீதம். தேவை எங்கே கூடுதலாக இருக்கிறதோ, அங்கேதான் சான்றிதழும் சிறப்பாசிரியரும் கடைசியாக வந்து சேர்கிறார்கள்.

இதைக் கேட்கப் போனால் வரும் பதில் நமக்குப் பழக்கமானது: “ஒரு பிள்ளைக்காக மத்த நாப்பது பிள்ளைங்க படிப்பைக் கெடுக்க முடியுமா?” இந்த வாதத்துக்கு வயது நூற்று அறுபதுக்கும் மேல். 1856 ஜூனில், பம்பாய் மாகாணத்தில் இருந்த தார்வாட் அரசுப் பள்ளியில் ஒரு மகர் சிறுவனைச் சேர்க்க மறுத்தார்கள். அவன் பம்பாய் அரசுக்கு மனு எழுதினான். நியாயம் அவன் பக்கம் இருப்பதை அரசே ஒப்புக்கொண்டது. ஆனாலும், ஒருவனைச் சேர்த்தால் மற்றவர்களுக்குப் பள்ளி பயன்படாமல் போய்விடும் என்று சொல்லிக் கைவிரித்தது. விவகாரம் அதோடு நிற்கவில்லை. அது இந்திய அரசுக்குப் போனது, லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் அவைக்கும் போனது. மறுத்தது தவறு என்ற கருத்து மேலிருந்து வந்தது. 1858-இல், அரசின் முழுச் செலவில் நடக்கும் பள்ளிகள் எல்லா வகுப்பினருக்கும் உரியவை என்று பம்பாய் அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று.

அறிவிப்பு வந்ததும் பள்ளிக் கதவுகள் திறந்துவிடவில்லை. ஆனால் அந்த மனுவும் மறுப்பும் தாளில் இருந்தன. அதனால்தான் எழுபது ஆண்டு கழித்து, 1928-இல், சைமன் கமிஷனுக்கு அளித்த அறிக்கையில் அண்ணல் அம்பேத்கர் அவற்றை எடுத்துச் சான்றாக வைக்க முடிந்தது. வாய்மொழியாக மறுத்து அனுப்பியிருந்தால் இன்று நமக்கு அந்தச் சிறுவனைத் தெரிந்திருக்காது.

நம் பிள்ளைகளுக்கும் பாடம் இதுதான். வாய்ச்சொல்லாக வரும் மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வது மிகக் கடினம். எழுதி வாங்கிய மறுப்போடு அடுத்த படி ஏறலாம்.

அந்தப் படிகள் சட்டத்தில் இருக்கின்றன. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை (பிரிவு 31). பாடத்திலும் தேர்விலும் தகுந்த மாற்றங்கள் செய்ய வேண்டியது அரசின் கடமை: கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு (பிரிவு 17).

சான்றிதழ் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. அந்த முடிவை எதிர்த்து, மாநில அரசு நியமிக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம் (பிரிவு 59). பள்ளியோ கல்வித் துறையோ உரிமையை மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். விசாரணையில் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. அவருடைய பரிந்துரையை ஏற்காத அலுவலகம், ஏன் ஏற்கவில்லை என்று 3 மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு இன்னொரு வழி. உள்ளூர் அதிகார அமைப்பிடம் எழுத்தில் புகார் கொடுத்தால் 3 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு சரியில்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு.

முதல் வரியில் வந்த ‘சதவீதம் பத்தல’ என்ற பதிலுக்கும் உச்ச நீதிமன்றம் விடை சொல்லியிருக்கிறது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், சொல்வதை எழுதுபவரைப் பெற 40 சதவீதம் என்ற வரம்பு முன்நிபந்தனை ஆகாது என்று தீர்ப்பளித்தது. தேவைக்கேற்ற மாற்று ஏற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்றும் சொன்னது. ‘சிறப்பாசிரியர் இல்லை’ என்பதும் பதில் ஆகாது. 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதத்தை அறிவிக்கும்படி அதே நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை ஒன்றிய அரசு அதன் பிறகு அறிவித்தது. ஒப்பந்த ஊதியத்தில் பள்ளி பள்ளியாக அலைக்கழிக்கப்படும் சிறப்பாசிரியர்கள் நம் எதிரிகள் இல்லை. அவர்களுக்கு நிரந்தரப் பணியிடம் கேட்பதும் இந்தப் பிள்ளைகளுக்காகக் கேட்பதுதான்.

சட்டம் இவ்வளவு இருந்தும் அந்த அம்மா ஏன் “சரிங்க சார்” என்று திரும்புகிறார்? அறியாமை என்று சொல்லி முடித்துவிட்டால் அது நம்முடைய சோம்பேறித்தனம். அவருக்குக் கணக்குத் தெரியும். தலைமையாசிரியரைப் பகைத்தால் அதே பள்ளியில் படிக்கும் மூத்த மகளின் நிலை என்ன? இன்னும் நான்கு முறை வரச் சொன்னால் நான்கு நாள் கூலிக்கு யார் பொறுப்பு? எதிர்த்துக் கேட்டால் ‘இவங்களுக்குத் திமிர் ஏறிப்போச்சு’ என்ற பேச்சு ஊருக்குள் என்ன செய்யும்? மேல்முறையீடு என்பது தாளில் எல்லோருக்கும் பொது. நடைமுறையில் அதற்கு நேரம் வேண்டும், ஆங்கிலம் வேண்டும், அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்காரவைக்கும் சாதியும் வேண்டும். அந்தக் குறையை ஈடுகட்டத்தானே இயக்கம்?

ஆனால் நம் கையும் சுத்தமில்லை. எதிரியைத் திட்ட ‘மூளை வளராதவன்’, ‘செவிடன்’ என்று நம் மேடைகளிலும் பேசுகிறோம். தேர்வில் கூடுதல் நேரத்தைச் ‘சலுகை’ என்று நாமும் சொல்கிறோம். இட ஒதுக்கீட்டை யாராவது சலுகை என்றால் மட்டும் கொதிக்கிறோம். மூன்று மணி நேரத்தில் வேகமாக எழுதுவதுதான் தகுதி என்று யார் முடிவு செய்தார்கள்? ‘தகுதி, திறமை’ என்ற பொய்யை உடைக்கக் கற்றுக்கொடுத்த மரபு நம்முடையது. அந்தப் பொய் இந்தப் பிள்ளைகளையும் தான் நசுக்குகிறது.

தோழர்களே, இதற்கு மாநாடு தேவையில்லை. உங்கள் தெருவில் பள்ளிக்குப் போவதை நிறுத்திய பிள்ளை யார் என்று கேளுங்கள். அடுத்த முறை அந்த அம்மா அலுவலகம் போகும்போது கூடப் போங்கள். கோரிக்கையைத் தேதியோடு எழுதுங்கள். நகலில் முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் உதவி இலவசம். பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், குழந்தைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பாராமல் அந்த உதவி கிடைக்க வேண்டும் என்கிறது 1987 சட்டம். நம் பிள்ளைக்கு அதில் ஒன்றுக்கு மூன்று தகுதி இருக்கிறது.

மேசைக்கு அந்தப் பக்கமிருந்து “முடியாது” என்று வந்தால் கோபப்பட வேண்டாம். நாற்காலியை இழுத்துப் போட்டு, அம்மாவை உட்காரவைத்து, ஒன்றே ஒன்று கேளுங்கள்:

“சரிங்க சார். அதையே எழுதிக் கொடுங்க.”