என் பையனுக்கு மொழி வராதாம்!

போன வருடம் தீபாவளி லீவு முடிந்து ஸ்கூல் திறந்த வாரம். (இங்கே பரோடாவில் தீபாவளிக்கு நம்ம ஊர் மாதிரி ரெண்டு நாள் இல்லை, வாரக்கணக்கில் லீவு.) பையன் டைரியில் ஒரு சர்க்குலர் ஒட்டியிருந்தது. உங்கள் குழந்தையின் பிறவித் திறமைகளை அறிந்துகொள்ளுங்கள், விஞ்ஞானபூர்வமான சோதனை, பள்ளி வளாகத்திலேயே நடைபெறும், கட்டணம் ரூ. 4,500 மட்டும். அந்த 'மட்டும்'தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது.

தங்கமணி படித்துவிட்டுச் சொன்ன முதல் வாக்கியம்: "ஏங்க, குத்தால சீசன்ல அருவிக்கரையில உக்காந்து கைரேகை பாக்கிறவரு அம்பது ரூபாதானே வாங்குவாரு?"

அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வகுப்பில் எல்லாரும் கட்டுகிறார்களே, நாம் மட்டும் கட்டாவிட்டால் பிள்ளைக்கு ஏதோ கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம். ஊரை விட்டு வந்து பதினோரு வருடமாகியும் இந்தப் பயம் மட்டும் போகவில்லை. கட்டினேன். ஆகவே கீழே நான் திட்டப்போகிற முட்டாள்களில் முதல் ஆள் நான்தான்.

சோதனை என்ன தெரியுமா? லேப்டாப், ஒரு சின்ன ஸ்கேனர், டை கட்டிய ஒரு இளைஞர். பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். அஞ்சு நிமிஷம். ஒரு கேள்வி கிடையாது, ஒரு கணக்கு கிடையாது, பேச்சுக் கிடையாது. ரெண்டு வாரம் கழித்து வழவழ காகிதத்தில் 38 பக்க ரிப்போர்ட். எட்டு வகை அறிவு, எட்டு வண்ணப் பட்டைகள். என் பையனுக்கு மொழியறிவு எட்டாவது இடம். மொழி சார்ந்த துறைகளைத் தவிர்ப்பது நல்லது என்று கீழே ஆலோசனை வேறு. பையனுக்கு வயது ஒன்பது.

அந்த ஒன்பது வயதுப் பையன் வீட்டில் ஆச்சியோடு தென்காசித் தமிழ் பேசுவான். கீழே கிரிக்கெட் ஆடும்போது குஜராத்தி. வேனில் ஹிந்தி. வகுப்பில் இங்கிலீஷ். நான் பதினோரு வருடத்தில் கற்ற குஜராத்தி "கேம் சோ"வையும் "கேட்லா"வையும் தாண்டவில்லை.

ரிப்போர்ட்டைப் பையன் கண்ணில் படாமல் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. வண்ணப் படம் என்றதும் அவனே எடுத்துப் புரட்டியிருக்கிறான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆச்சி வழக்கம்போல வாரப் பத்திரிகையை எடுத்து, "ஏ ஐயா, இந்தத் துணுக்க எனக்கு வாசிச்சுச் சொல்லு" என்றாள். எழுத்துக் கூட்டி வாசிப்பான், ஆச்சி திருத்துவாள், ரெண்டு பேரும் சிரிப்பார்கள். அதுதான் எங்கள் வீட்டுத் தமிழ்ப் பள்ளிக்கூடம். அன்றைக்கு அவன் சொன்னான்: "எனக்கு லாங்வேஜ் வராது ஆச்சி. ரிப்போர்ட்லயே போட்ருக்கு."

மூன்று வாரம் தமிழ்ப் பத்திரிகையைத் தொடவில்லை. 4,500 ரூபாய்க்கு நான் வாங்கி வந்தது இதைத்தான்.

அதன் பிறகுதான் இந்த டி.எம்.ஐ.டி. சமாச்சாரத்தை உட்கார்ந்து படித்தேன். (கட்டுவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டும். சரி சரி.) விரல் ரேகைகள் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடுகின்றன, மூளையும் அதே சமயத்தில்தான் வளர்கிறது, ஆகவே ரேகையைப் பார்த்தால் மூளை தெரியும். இதுதான் அவர்கள் வாதம். அதே சமயத்தில்தானே மூக்கும் காதும் வளர்கின்றன? மூக்கைப் படம் பிடித்து, பையன் வக்கீலாவானா என்று சொல்வார்களா? ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கே ரேகை ஒன்றாக இருப்பதில்லை.

அந்த எட்டு வகை அறிவும் இவர்கள் சரக்கு அல்ல. ஹார்வர்டு பேராசிரியர் ஹோவர்டு கார்ட்னர் 1983ல் எழுதிய புத்தகத்தில் ஏழு சொன்னார், பின்னால் எட்டாவதைச் சேர்த்தார். அந்தக் கோட்பாட்டையே ஏற்காத உளவியலாளர்கள் நிறைய உண்டு. அது அவர்கள் சண்டை. ஆனால் கார்ட்னரின் கோட்பாட்டுக்கும் கைரேகைக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. இந்திய மனநல மருத்துவர் சங்கமே 2019ல் இந்தச் சோதனைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அறிக்கை விட்டது. அதன் பிறகும் ஸ்கூல் ஸ்கூலாக ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றால், நம்மைப் போல ஆட்கள் காசோடு காத்திருக்கிறோம் என்றுதானே அர்த்தம்?

இதில் இன்னொரு எரிச்சலும் உண்டு. பிறக்கும்போதே இன்னாருக்கு இன்னது வரும் என்று எழுதி வைப்பது நமக்குப் புதுசா? 1953ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம்தான் பள்ளி. மீதி நேரம் அப்பன் தொழிலைப் பார்த்துப் பழகலாம். குலக்கல்வி என்று பெயர் வைத்து ஊரே எதிர்த்தது. அடுத்த வருடமே காமராஜ் வந்து அதைத் தூக்கினார். (ராஜாஜி அபிமானிகள் சண்டைக்கு வர வேண்டாம், அவர் நோக்கம் வேறு என்ற வாதம் எனக்கும் தெரியும்.) எங்கள் தாத்தா அந்த வயதில் அந்தத் தொழிலோடு நின்றிருந்தால் நான் இங்கே கெமிக்கல் ஃபேக்டரியில் இஞ்சினியராக உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அன்றைக்கு அப்பா செய்யும் தொழிலைப் பார்த்துச் சொன்னார்கள், இன்றைக்கு விரலைப் பார்த்துச் சொல்கிறார்கள். அன்றைக்குத் தெருவில் இறங்கினோம். இன்றைக்கு ஜிபேயில் பணம் அனுப்புகிறோம்.

சரி, டீச்சர் கதைக்கு வருகிறேன். இந்தப் புலம்பலை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

டிசம்பரில் பெற்றோர் கூட்டம். அவன் வகுப்பு டீச்சர், நாற்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசாதவர். ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் மேஜையில் வைத்து, "மொழியில வீக்காமே, என்ன பண்ணலாம்?" என்று எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன். அவர் அதைத் திறக்கவே இல்லை. ஓரமாக நகர்த்திவிட்டு டிராயரிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்தார். ஒரு பிள்ளைக்கு ரெண்டு பக்கம். வகுப்பில் 44 பேர். ஒரு நாளைக்கு மூன்று பேரை மட்டும் கவனிப்பாராம். பதினைந்து வேலை நாளில் ஒரு சுற்று. வருடத்தில் ஒரு பிள்ளையைப் பதின்மூன்று முறையாவது பார்த்துவிடலாம் என்றார்.

அவர் தனக்கு ஒரு விதி வைத்திருக்கிறார். நோட்டில் புத்திசாலி, சோம்பேறி, கெட்டிக்காரன், கூச்ச சுபாவம் மாதிரி வார்த்தைகள் வரக்கூடாது. பிள்ளை என்ன செய்தது என்பது மட்டும்தான் இருக்க வேண்டும்.

என் பையன் பக்கத்திலிருந்து ஒன்றை எனக்கு ஹிந்தியில் சொன்னார். ஆகஸ்ட் மாதக் குறிப்பு: "கேட்டில் பாட்டிக்கும் வாட்ச்மேனுக்கும் நடுவில் நின்று பேசினான். வாட்ச்மேன் கோபமாகச் சொன்னதைப் பாட்டியிடம் சொல்லவில்லை. மற்றதை எல்லாம் சொன்னான்."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அம்மா அடையாள அட்டை இல்லாமல் பேரனைக் கூப்பிடப் போன நாள் அது. வாட்ச்மேன் திட்டியதே எங்களுக்குத் தெரியாது. பையன் அதை வடிகட்டிவிட்டிருக்கிறான்.

அடுத்த குறிப்பு ஒரு இலையைப் பற்றி. சுற்றுச்சூழல் பாடத்துக்கு ஆளுக்கொரு இலை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். இவன் கறிவேப்பிலை கொண்டுபோயிருக்கிறான். அதற்குக் குஜராத்தியில் மீட்டோ லிம்டோ என்று பெயர், அதாவது இனிப்பு வேம்பு. இவன் எழுந்து, எங்கள் பாஷையிலும் இதற்குள் வேம்பு இருக்கிறது, கறி வேப்பிலை, சமையலுக்குப் போடுகிற வேப்பிலை என்று சொல்லியிருக்கிறான். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, வேம்பு வேறு குடும்பம், இலையில்தான் ஜாடை. அந்த ஜாடையைப் பார்த்து இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி பேர் வைத்திருக்கிறார்கள் என்று ஒன்பது வயசுப் பையனுக்குத் தோன்றியிருக்கிறது. அவனுக்கு அது எங்கே கிடைத்தது என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் காய்கறி வண்டி வரும்போது ஆச்சியோடு இவன்தான் இறங்குவான். இங்கே தள்ளுவண்டிக்கு லாரி என்று பெயர். "லாரியில கீரை வந்திருக்கு"ன்னு இவன் முதலில் சொன்னபோது, எத்தனை டன் கீரை என்று அம்மா பயந்துவிட்டாள்.

அப்படியானால் இவனுக்கு மொழி நன்றாக வரும் என்று அவனிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அதையும் சொல்லாதீர்கள் என்றார்! "ஒரு பிள்ளைக்கு என்ன வரும்னு நான் சொல்றதில்ல சார். அவன் ஒண்ணைச் செய்யும்போது பாத்துட்டிருக்கேன்னு அவனுக்குத் தெரிஞ்சாப் போதும். அடுத்த தடவை அதை இன்னும் நல்லாச் செய்வான்." ஒடிசாவிலிருந்து புதிதாக வந்த ஒரு பையனை இவன் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார், அவ்வளவுதான். வகுப்பு வேலைகளையும், செடிக்குத் தண்ணீர், புத்தக அலமாரிச் சாவி, வருகை எண்ணுவது, ஒவ்வொரு சுற்றுக்கும் மாற்றிவிடுகிறார். "வரும்னு தெரிஞ்சதையே கொடுத்துட்டிருந்தா மத்தது வருமா வராதான்னு எப்படித் தெரியும்?" என்றார். என் பையன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலும் கோணலாகத்தான் வரும். அவனுக்குத்தான் அந்தச் சுற்றில் சுவர் அட்டவணை வரையும் வேலை!

இதெல்லாம் ஏதோ வெளிநாட்டுத் தத்துவம் என்று நினைக்க வேண்டாம். இதே குஜராத்தில், பாவ்நகரில், 1920ல் ஜிஜுபாய் பதேக்கா என்ற வக்கீல் தொழிலை விட்டவர் பாலமந்திர் ஆரம்பித்தார். மீசைக்கார அம்மா என்று செல்லப் பெயர். அவர் எழுதிய கதையில் ஒரு வாத்தியார் நாலாம் வகுப்பை ஒரு வருடப் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்வார். 'பகல் கனவு' என்று தமிழிலும் வந்திருக்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது முதல் நாள். பெரிய திட்டத்தோடு போய், மௌன விளையாட்டு வைத்து, வகுப்பே ரகளையாகி, திட்டம் படுத்துவிடும். பிறகுதான் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கவே ஆரம்பிப்பார்.

நண்பர் ஒருவர், நம்ம ஊர்க்காரர்தான், கேட்டார்: "டீச்சர் கண்ணை மட்டும் நம்பலாமா? அவங்களுக்குப் பிடிச்ச பிள்ளை, பிடிக்காத பிள்ளைன்னு இருக்காதா? வெளியூர்ப் பிள்ளைன்னு ஒதுக்கினா?" நியாயமான கேள்வி. ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் அந்த நோட்டு முக்கியம். ஆகஸ்டில் இப்படி எழுதியிருக்கிறீர்களே, அன்றைக்கு நடந்தது வேறு என்று நான் டீச்சரோடு சண்டை போடலாம். வண்ணப் பட்டையோடு எப்படிச் சண்டை போடுவது?

நம் ஆட்களையும் விடப்போவதில்லை. சனி ஞாயிறு இங்குள்ள தமிழ் வீடுகளில் என்ன நடக்கிறது? காலையில் பாட்டு, பத்து மணிக்கு அபாகஸ், சாயங்காலம் பரதநாட்டியம், நடுவில் ஒலிம்பியாட் கோச்சிங். கேட்டால், எதில் டேலண்ட் இருக்கிறது என்று பார்க்கிறோம் என்பார்கள். யார் பார்க்கிறார்கள்? கொண்டுபோய் இறக்கிவிட்டுக் காரில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறோம். மூன்று மாதத்தில் மெடல் வரவில்லையென்றால் வகுப்பை மாற்றுகிறோம். ஆச்சியோடு காய் வாங்கப் போவதை யாரும் வகுப்பில் சேர்ப்பதில்லை, அதற்கு ஃபீஸ் இல்லையே.

இப்போது கணக்கு. எங்கள் பள்ளியில் ஒரு வகுப்புக்கு நாலு பிரிவு, பிரிவுக்கு 44 பேர். 176 பிள்ளைகள் தலா 4,500 கட்டினால் 7,92,000 ரூபாய். ஒரே ஒரு வகுப்பில்! இங்கே தனியார் பள்ளி டீச்சர்கள் வாங்கும் சம்பளத்துக்கு இன்னொரு டீச்சரைப் போட்டு, ஐந்தாவது பிரிவு திறந்து, மிச்சமும் இருக்கும். பிரிவுக்கு 35 பேர் என்றாகிவிடும். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு 2 ஆசிரியர் என்று தொடங்கி, எவ்வளவு பெரிய பள்ளியானாலும் ஆசிரியருக்கு 40 பிள்ளைகளைத் தாண்டக்கூடாது என்கிறது. 2020 கல்விக் கொள்கை வேறு, பிள்ளையின் எல்லாப் பக்கத்தையும் காட்டும் முன்னேற்ற அட்டை வேண்டும் என்கிறது. 44 பேரை வைத்துக்கொண்டு எந்த டீச்சர் எழுதுவார்? முன்பு சி.பி.எஸ்.இ.யில் சி.சி.இ. என்று ஒன்று 2009ல் வந்து 2017ல் போனதே, அப்போது என் அக்கா மகளுக்கும் அவள் பக்கத்து சீட் பிள்ளைக்கும் ஒரே வாக்கியத்தைக் காப்பியடித்துப் போட்டிருந்தார்கள். டீச்சர் மேல் தப்பில்லை. நேரம் எங்கே?

இந்த வருடம் பையன் ஐந்தாம் வகுப்பு. அந்த டீச்சர் இல்லை. அவர் நாலாம் வகுப்போடு நின்றுவிடுவார். போன வாரம் மறுபடி சர்க்குலர் வந்தது, இந்தத் தடவை 5,200, பழைய வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி உண்டாம். தங்கமணி 'வேண்டாம்' கட்டத்தில் டிக் போட்டு, கீழே கொட்டை எழுத்தில், அந்தப் பணத்துக்கு இன்னொரு டீச்சரைப் போடுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டாள். நான் அதையே கடிதமாக எழுதி, கையெழுத்துக்காக வீடு வீடாக அலைந்துகொண்டிருக்கிறேன். இதுவரை 9 பேர். அதில் தமிழ்க் குடும்பம் எங்களுடையது மட்டும். மற்ற மூன்று வீட்டிலும் காபி கொடுத்து நன்றாக உபசரித்தார்கள். "ஸ்கூலைப் பகைச்சுக்க வேண்டாம் சார்" என்றார்கள். ஒரு வீட்டில் ரிப்போர்ட்டை லாமினேட் செய்து வைத்திருந்தார்கள்.

பிரின்சிபாலைப் பார்க்க வருகிற சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். எனக்கு ஹிந்தி தகராறு, அவருக்கு என் இங்கிலீஷ் தகராறு. பையனைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிறேன்.