தாய்ஜியின் டால்பின்களும் 'பண்பாடு' என்கிற சொல்லும்

சென்ற வாரம் மாணவர்கள் சிலரோடு 'தி கோவ்' படம் பார்த்தோம். ஜப்பானின் வக்காயாமா மாகாணத்தில் உள்ள தாய்ஜி என்கிற சிற்றூரில் நடக்கும் டால்பின் வேட்டையைப் பற்றிய ஆவணப்படம். 2009இல் வந்தது, அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. கடல்நீர் முழுக்கச் சிவக்கும் காட்சி முடிந்தபோது அறையில் சத்தமே இல்லை. விளக்கைப் போட்டதும் ஒரு தம்பி கேட்டான்: "அது அவங்க சாப்பாடு அக்கா. அதைக் கேட்க இவங்க யாரு?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் காரில் கட்டிவைத்து அடித்த காணொளியைப் பார்த்த தலைமுறை இது. விலங்குகள் மேல் இரக்கம் என்று யாராவது பேச்செடுத்தாலே நமக்கு முதுகு கூசுகிறது. அடுத்த அடி நம் தட்டில் விழும் என்பதை அனுபவம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆனாலும் அந்தத் தம்பி சொன்னது பாதிதான் சரி.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் ஜப்பான் கடல்வரை வந்து எண்ணெய்க்காகத் திமிங்கிலங்களைக் கொன்று குவித்தவர்கள் அமெரிக்கர்கள். 1853இல் பெர்ரி போர்க்கப்பல்களோடு வந்து ஜப்பானின் கதவைத் தட்டியதற்கு அந்த வேட்டைக் கப்பல்களின் தேவைகளும் ஒரு காரணம். 2014 ஜனவரியில் ஜப்பானுக்கான அமெரிக்கத் தூதர் கரோலின் கென்னடி, தாய்ஜி வேட்டை மனிதத்தன்மையற்றது என்று ட்விட்டரில் கவலை தெரிவித்தார். அவருடைய நாட்டுக் கடற்படையோ 1960களிலிருந்து டால்பின்களைப் பிடித்துவைத்துப் பயிற்சி கொடுத்து வேலை வாங்கிக்கொண்டிருக்கிறது. தாய்ஜி மீனவர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டி வசைபாடுவதும், ஒரு தேசத்தையே காட்டுமிராண்டிகள் என்பதும் இரக்கத்தில் சேராது, அது இனவெறி. இன்னொன்றும் உண்டு. 2011 சுனாமிக்கு முன்பு ஜப்பானில் சிறிய திமிங்கில இனங்கள் மிக அதிகமாகக் கொல்லப்பட்டது வடக்கே இவாத்தேயில். நடுக்கடலில் ஈட்டி எறிந்து கொன்றார்கள். அங்கே மலையில் ஒளிந்து படமெடுக்க வசதியில்லை, அதனால் உலகத்துக்கு அந்தப் பெயரே தெரியாது.

நம் ஊர் வேடிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2013இல் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. டால்பின்களை 'மனிதரல்லாத ஆட்கள்' என்று கருதவேண்டும், அவற்றுக்குத் தனி உரிமைகள் வேண்டும் என்று அறிஞர்கள் சொல்வதை அதில் எடுத்துக்காட்டியிருந்தார்கள். முடிவு நல்ல முடிவுதான். மனிதர்களை ஆட்களாகக் கருதச் சொல்லி இங்கே எத்தனை சுற்றறிக்கை வந்தது என்று கேட்காமல் இருக்கமுடியவில்லை.

இனி மீதிப் பாதி. தாய்ஜியில் என்னதான் நடக்கிறது?

செப்டம்பரில் பருவம் தொடங்கும். ஏறக்குறைய ஒரு டஜன் படகுகள் விடியலில் கிளம்பும். டால்பின் கூட்டம் கண்ணில் பட்டதும் படகுக்காரர்கள் நீளமான இரும்புக் குழாய்களைத் தண்ணீரில் இறக்கிச் சுத்தியலால் அடிப்பார்கள். ஒலியை வைத்தே வழி தேடும் உயிர் அது. இரைச்சல் சுவர்போலப் பின்னால் எழும்ப, பயந்து கரைப்பக்கம் ஓடும். குடாவுக்குள் நுழைந்ததும் வலை போட்டு வாயை அடைத்துவிடுவார்கள். அதன் பிறகுதான் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. மீனவர்களோடு டால்பின் பயிற்சியாளர்களும் தண்ணீரில் இறங்குகிறார்கள். இளசாக, தழும்பில்லாததாகப் பார்த்துக் காட்சியகங்களுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சத்தில் பெரும்பாலானவைதான் கம்பியால் பிடரித் தண்டுவடத்தில் குத்திக் கொல்லப்பட்டு இறைச்சியாகின்றன. இறைச்சியாக விற்றால் கிடைக்கும் பணத்தைவிட, பழக்கிய ஒரு டால்பினை உயிரோடு விற்றால் பல மடங்கு கிடைக்கும். வாங்குபவர்களில் ஜப்பான் காட்சியகங்கள் உண்டு, சீனக் காட்சியகங்களும் உண்டு.

இதை '400 ஆண்டு மரபு' என்கிறார்கள். 1606இல் தாய்ஜியில் திமிங்கில வேட்டை முறையாக அமைக்கப்பட்டது உண்மை. 1878 டிசம்பரில் குட்டியோடு வந்த ஒரு திமிங்கிலத்தைத் துரத்திப்போய், புயலில் நூறு பேருக்கு மேல் திரும்பாமல் போனதும் உண்மை. அந்த ஊரின் துக்கத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அது துடுப்புப் படகில் போய்ப் பெரிய திமிங்கிலங்களைப் பிடித்த கதை. இன்று நடக்கும் இந்த விரட்டல் வேட்டை ஒழுங்கான தொழிலாக உருவெடுத்தது 1969இல். அந்த ஆண்டுதான் தாய்ஜியில் திமிங்கில அருங்காட்சியகம் திறந்தார்கள். அதில் உயிரோடு காட்ட விலங்குகள் தேவைப்பட்டன, அதற்காகத்தான் விரட்டிப் பிடித்தார்கள். 2015இல் உலக உயிரியல் பூங்காச் சங்கம் நெருக்கடி கொடுத்தபோது, ஜப்பானின் பூங்காச் சங்கம் வாக்கெடுத்து, இனி உறுப்பினர்கள் தாய்ஜி வேட்டையிலிருந்து டால்பின் வாங்கக்கூடாது என்று முடிவுசெய்தது. தாய்ஜி அருங்காட்சியகம் சங்கத்தை விட்டே வெளியேறிவிட்டது. சாப்பாடுதான் பிரச்சினை என்றால் இதற்கு என்ன அவசியம்?

தம்பி உணவுரிமை என்று நினைத்து ஆதரித்தது, பெருமளவுக்கு, ஒரு கேளிக்கை வியாபாரத்தை.

இதில் சாதிக்கும் ஓர் இடம் இருக்கிறது, அதைப் படம் தொடவே இல்லை. 675இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இறைச்சிக்குத் தடை போட்டார். அதற்குப் பின் நூற்றாண்டுக்கணக்கில், மாட்டை அறுப்பதும் தோல் உரிப்பதும் தீட்டுத் தொழிலாகி, அதைச் செய்தவர்கள் ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். இன்று புராக்கு மக்கள் என்கிறோமே, அவர்களில் பலரின் முன்னோர் இவர்கள். திமிங்கிலம் மட்டும் எப்படித் தப்பியது? அதை மீன் கணக்கில் வைத்துவிட்டார்கள். காட்டுப்பன்றி தின்ன ஆசைப்பட்டவர்கள்கூட அதற்கு 'மலைத் திமிங்கிலம்' என்று பெயர் வைத்துத்தான் தின்றார்கள்! 1871இல் சட்டப்படி விடுதலை, 1922இல் கியோத்தோவில் சுய்ஹெய்ஷா இயக்கம் என்று போராட்டம் நீண்டும், தோக்கியோவின் ஷிபவுரா இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்கு இழிவுபடுத்தும் கடிதங்கள் வந்தன. அவற்றை அங்கேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

ஒசாக்கா வட்டாரப் புராக்கு குடியிருப்புகளில் மாட்டுக் குடலைக் கொழுப்பு வடியப் பொரித்து 'அபுராகாசு' என்று சாப்பிடுவார்கள். நம் வீடுகளில் குடல் கறி வேகும் வாசம் தெரிந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. அதைத் தேசத்தின் பண்பாடு என்று எந்த ஜப்பானிய அமைச்சரும் உலக மேடையில் வாதாடி நான் கேட்டதில்லை. திமிங்கிலத்துக்காக 2019இல் சர்வதேசத் திமிங்கில ஆணையத்தை விட்டே வெளியேறினார்கள். எது பண்பாடு, எது தீட்டு என்று தீர்மானிக்கும் கை ஒன்றுதான்.

அடுத்து பாதரசம். கடல் உணவுச் சங்கிலியின் உச்சியில் இருக்கும் உயிர்களின் உடம்பில் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். ஜப்பானுக்கு இது புதிதில்லை. மினமாத்தாவில் சிஸ்ஸோ ஆலைக் கழிவால் நோயுற்ற ஏழை மீனவக் குடும்பங்களை ஊரே ஒதுக்கிவைத்த வரலாறு இருக்கிறது. அந்த நோயின் பெயரால் அமைந்த தேசிய ஆய்வுக்கூடம் தாய்ஜி மக்களின் முடியைச் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டது. பாதரச அளவு மற்ற ஊர்களைவிட வெகு அதிகம். நோய் அறிகுறி எதுவும் காணவில்லை என்றும் சொன்னது, அதையும் மறைக்கக்கூடாது. அதற்கு முன்பே, 2007இல், தாய்ஜி ஊர்மன்ற உறுப்பினர்கள் இரண்டு பேர் பள்ளி மதிய உணவில் இந்த இறைச்சியைப் போடாதீர்கள் என்று வெளிப்படையாகப் பேசினார்கள். சுமார் 3,000 பேர் வாழும் ஊரில் அப்படிப் பேச எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பண்பாட்டுக் காவலர்கள் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. 'தி கோவ்' ஓடவிருந்த திரையரங்குகளை 2010இல் மிரட்டப் போன வலதுசாரிக் கும்பலிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

என் நிலைப்பாட்டைக் கேட்டால்: மீனவரை அவமானப்படுத்தும் பிரச்சாரத்தில் என் கையெழுத்து இருக்காது. காட்சியகங்களுக்காக நடக்கும் இந்த விரட்டிப் பிடித்தல் நிற்கவேண்டும், நுழைவுச்சீட்டு வாங்குகிறவர்களிடமும் அதைச் சொல்லவேண்டும். படகிலிருந்து இறங்குகிறவருக்கு மாற்று வருமானம் என்ன என்ற கேள்விக்கு அரசு பதில் சொல்லவேண்டும், டால்பின் நேசர்களும் சொல்லவேண்டும்.

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "நீங்க வியாபாரத்தைச் சொல்றீங்க, நாளைக்கு நம்ம கறிக்கடையும் வியாபாரம்தானேன்னு அவங்க சொல்வாங்க" என்றான். லேசில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. அடுத்த மாதம் சசாகி மெகுமியின் 'எ வேல் ஆஃப் எ டேல்' படத்தைப் போடுகிறோம், தாய்ஜிக்காரர்கள் நிதானமாகப் பேசும் படம். அவனும் வருகிறான்.