லைட் எரிஞ்சது என் தப்பா?

நம்ம பிக்கப் வண்டி பதினோரு நாள் ஒர்க் ஷாப்பில் கிடந்து நேற்றுதான் வீடு வந்தது. டி.பி.எஃப். மாற்றியதற்கு பில் 94,000 ரூபாய். மூணு பறிப்பு கத்தரிக்காய் வாடகை வண்டியில் போனது தனிக்கணக்கு. வாரன்டி கேட்டால், "நீங்க ஓட்டின முறை சரியில்லைங்க, வராது" என்கிறார்கள். பணம் போனதைவிட இந்தப் பேச்சுதான் பொறுக்கவில்லை.

விஷயம் இதுதான். 2020 ஏப்ரலில் இருந்து புது டீசல் வண்டியெல்லாம் பி.எஸ்.6. புகைபோகும் பாதையில் கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி இருக்கிறது, அதுதான் டி.பி.எஃப். சேர்ந்த கரியை வண்டியே எரித்துக்கொள்ளும். அதற்கு உள்ளே 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். பைபாஸில் நிற்காமல் ஓடினால் அந்த வேலை ஒழுங்காக நடக்கும். எனக்கு சந்தையே ஏழு கிலோமீட்டர்தான். சூடேறி எரிய ஆரம்பிக்கும் முன்னே சாவியைத் திருகி அணைத்துவிடுவோம். இப்படியே போனால் அடைக்காமல் என்ன செய்யும்? முதலில் லைட் எரியும், அப்புறம் வண்டி இழுக்காது.

இதை விற்கும்போது யாராவது சொன்னார்களா? மைலேஜ் சொன்னார்கள், லோன் சொன்னார்கள், ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். லைட் எரிந்தால் அணைக்காமல் ஓட்டுங்க என்று ஒரு வார்த்தை இல்லை. கொடுத்த புத்தகம் இங்கிலீஷில். விவசாயிக்கு ஏற்ற வண்டி என்று சொல்லித்தானே விற்றீர்கள்? விவசாயி காட்டுக்கும் சந்தைக்கும் ஓட்டாமல் பெங்களூருக்கா ஓட்டுவான்?

ஊர் மெக்கானிக் தம்பி, "உள்ளே இருக்கிறதை எடுத்துட்டு வெறும் பைப்பா விட்டுடலாம்ண்ணே, செலவு கம்மி" என்றான். வேண்டாம்னுட்டேன். சட்டப்படி தப்பு என்பது ஒருபக்கம். என் வண்டிக்குப் பின்னாலதான் பள்ளிக்கூடப் பிள்ளைங்க சைக்கிளில் வருதுங்க. அந்தக் கரி அதுங்க நெஞ்சுக்குள்ள போகணுமா? வடிகட்டியோடு எனக்குச் சண்டை இல்லை. சொல்லாமல் விற்றுவிட்டு, பழியை நம்ம தலையில் போடுவதோடுதான் சண்டை.

தினம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க என்று விற்கும் முன்னே கேளுங்க. தமிழில் ஒரு தாள் கொடுங்க. ஸ்கேனரை மாட்டி, நிறுத்திவைத்தே கரியை எரிக்கிற வசதி இருக்கிறது. அதை ஊர் மெக்கானிக்கும் செய்ய விடுங்க.

புது டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: வாரம் ஒருநாள் பைபாஸில் அரைமணி நேரம் விடாமல் ஓட்டுங்க. ஆயில் மாற்றும்போது டி.பி.எஃப். வண்டிக்கு உரியதையே ஊற்றுங்க. மஞ்சள் லைட்டைப் பார்த்துட்டு நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விடாதீங்க. நான் அப்படித்தான் விட்டேன்.