பலகைக்கு வர்ணம் பிறகு, எழுத ஆள் முதலில்



மேற்கு மாம்பலத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். சிறு கடைக்காரர்கள் பங்குப் பணம் போட்டு ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைப்பது, பருப்பு, எண்ணெய், மிளகாய், புளி முதலியவற்றைச் சேர்ந்து கொள்முதல் செய்வது, சங்கத்திற்கென்று ஓர் இணையதளமும் தொடங்குவது என்பது அவர்களுடைய யோசனை. தளத்தில் என்னென்ன இடம்பெற வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதியும் கொண்டு வந்திருந்தார்கள். முதலில் கோயில் கோபுரப் படம். அடுத்து நிர்வாகிகள் படம். அதற்கடுத்து தலைவரின் வாழ்த்துரை, பிறகு விழாப் படங்கள். விலைப்பட்டியல் ஏழாவது இடத்தில் இருந்தது.

"இதில் என்ன குறை, அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்டார்.

"உங்கள் கடை வாசலில் உங்கள் போட்டோவை மாட்டிவிட்டு, பருப்பு மூட்டையைப் பின்கட்டில் வைப்பீர்களா, தம்பி?" என்று நான் கேட்டேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அல்ல இது. உறுப்பினர்களின் பங்குப் பணத்தில் செய்கிற காரியம். ஆகவே அன்று பேசியதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ஓர் உண்மையை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. நான் மொத்த வியாபாரி. இப்படி ஒரு சங்கம் வந்தால் எனக்கு வரும் ஆர்டர் குறையலாம். "அப்பா, நம் வியாபாரத்தைக் குறைக்கும் யோசனைக்கு நீங்களே வழி சொல்லிக் கொடுக்கிறீர்களே" என்று என் மகன் வருத்தப்பட்டான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் செல்போனில் தட்டினால் சில நிமிடங்களில் வீட்டு வாசலில் சாமான் இறங்குகிற காலம் இது. ஆரிய கவுடா ரோட்டிலும் ஏரிக்கரைத் தெருவிலும் உள்ள சிறு கடைகள் ஒவ்வொன்றாக மூடினால் நான் யாருக்கு மூட்டை போடுவது? சில்லறைக் கடை நிலைத்தால்தான் மொத்தக் கடைக்கும் வாழ்வு.

திருவல்லிக்கேணி காட்டிய வழி

கூட்டுறவு நமக்குப் புதிதல்ல. நம் சென்னையிலேயே 1904-ஆம் ஆண்டு திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. டி.யு.சி.எஸ். என்றால் எல்லோருக்கும் தெரியும். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் அதைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர். நம் நாட்டின் ஆரம்பகால நுகர்வோர் கூட்டுறவுகளில் முதன்மையாகச் சொல்லப்படுவது அதுதான். சென்னையின் பல நியாய விலைக் கடைகளில் அதன் பெயரை இன்றும் பார்க்கலாம்.

அவர்களுக்கு முன்மாதிரி இங்கிலாந்தில் ராச்டேல் என்ற நெசவு நகரம். அங்கே 1844-ல் 28 பேர், அவர்களில் பலர் நெசவாளர்கள், ஆளுக்கு ஒரு பவுன் வீதம் சேர்த்து 28 பவுன் முதலில் ஒரு கடை திறந்தார்கள். அன்று அவர்கள் வைத்திருந்த சரக்கு வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, கொஞ்சம் மெழுகுவர்த்தி. அவ்வளவுதான். ஆனால் கலப்படமில்லாத சரக்கு, சரியான எடை, ரொக்க விற்பனை, ஆளுக்கு ஒரு ஓட்டு, வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபத்தில் பங்கு என்ற விதிகளை விடாமல் கடைப்பிடித்தார்கள். அந்த விதிகள்தான் உலகம் முழுவதும் பரவின. கடையின் அழகு யாருக்கும் நினைவில்லை.

இந்த விதிகளை ஊன்றிப் பார்த்தால், நம் சங்கத்தின் தளத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும். கொஞ்சம் சரக்கானாலும் சரியாக விற்றார்கள். ஆகவே கொஞ்சம் பக்கங்களானாலும் சரியாக இருக்கட்டும். சரியான எடை போட்டார்கள். ஆகவே விலைக்குப் பக்கத்தில் எடையும் தேதியும் இருக்கட்டும். வாங்கிய அளவுக்குப் பங்கு கொடுத்தார்கள். ஆகவே ஒவ்வோர் உறுப்பினரும் தன் கொள்முதல் கணக்கைப் பார்க்க வழி இருக்கட்டும். ஆளுக்கு ஒரு ஓட்டு என்றார்கள். ஆகவே கூட்ட அறிவிப்பும் தீர்மானமும் எல்லோர் கண்ணிலும் படட்டும்.

ஐந்து அறைகள் போதும்

வீடு கட்டும்போது எத்தனை அறை, எந்த அறையிலிருந்து எதற்கு வழி என்று முதலில் கோடு போடுகிறோம். தளத்திற்கும் அப்படித்தான். என் கணக்கில் ஐந்து அறைகள் போதும்.

முதல் அறை முகப்பு. சங்கத்தின் பெயர், பதிவு எண், விலாசம், போன் நம்பர், திறந்திருக்கும் நேரம், அன்றைய முக்கிய விலைகள். கடைக்கு வருகிறவர் முதலில் கேட்கும் கேள்விக்கு முதலில் பதில் இருக்க வேண்டும்.

இரண்டாவது விலைப்பட்டியல். கடையில் அடுக்கியிருப்பது போலப் பருப்பு வகை, அரிசி வகை, எண்ணெய் வகை, மசாலா சாமான் என்று பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ரகம், சிப்பத்தின் எடை, விலை, இருப்பு உண்டா இல்லையா, எந்தத் தேதி விலை என்பவை அவசியம். பட்டியலைப் போட்டோ எடுத்து ஒட்டிவிடக் கூடாது. "உருட்டு உளுந்து" என்று ஒருவர் செல்போனில் தேடினால், படத்துக்குள் இருக்கும் எழுத்து பெரும்பாலும் அகப்படாது. தமிழை யூனிகோடு எழுத்தில்தான் எழுத வேண்டும். பழைய ஃபான்ட்டில் அடித்தது வேறொருவர் செல்போனில் குப்பை எழுத்தாகத் தெரியும்.

மூன்றாவது உறுப்பினர் கடைகளின் பட்டியல். தெருவாரியாக இருக்கட்டும். தம்பையா ரோட்டில் குடியிருப்பவர் தம் பக்கத்துக் கடை எது, வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுப்பார்களா என்பதை ஒரு பார்வையில் அறிய வேண்டும். சங்கத்தின் தளம் வாடிக்கையாளரை உறுப்பினர் கடைக்கு அனுப்ப வேண்டுமே தவிர, கடையைத் தாண்டித் தானே விற்கத் தொடங்கிவிடக் கூடாது.

நான்காவது உறுப்பினர் அறை. சேருவது எப்படி, பங்குத் தொகை எவ்வளவு, துணைவிதிகள், தணிக்கை செய்த வரவு செலவு, பொதுக்குழு அறிவிப்பு எல்லாம் இங்கே. எந்தப் பெரிய கம்பெனியும் தன் வாடிக்கையாளரிடம் பேரேட்டைப் பிரித்துக் காட்டாது. காட்டக்கூடியது கூட்டுறவு ஒன்றுதான். அதுதான் நம் விளம்பரம்.

ஐந்தாவது குறை சொல்லும் அறை. நேரடியாக இணையத்தில் விற்பதானால் இது நம் விருப்பம் மட்டுமல்ல, சட்டமும் ஆகும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்படி குறை தீர்க்கும் அலுவலர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். வந்த புகாரை 48 மணி நேரத்திற்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும்.

கொள்முதல் விலை யாருக்கு?

நண்பர்களிடையே காரசாரமான விவாதம் எழுந்தது இந்த இடத்தில்தான். "எல்லாம் திறந்த புத்தகம் என்றால் கொள்முதல் விலையையும் போட வேண்டியதுதானே" என்றார் ஒருவர். "போட்டால் வாடிக்கையாளர் அதைக் காட்டி என்னிடம் பேரம் பேசுவார். கடை வாடகை, கரண்ட் பில், ஆள் சம்பளம் அவருக்குத் தெரியுமா?" என்றார் மற்றவர்.

இருவர் சொல்வதும் சரிதான். எனவே கதவு இரண்டு வேண்டும். பொதுமக்கள் கதவில் சில்லறை விலையும் கடை விவரமும். உறுப்பினர் கதவில், கடவுச்சொல் போட்டுத் திறந்தால், கொள்முதல் விலை, லாரி வாடகை, இறக்குக்கூலி, சங்கத்தின் கமிஷன் என்று பிரித்துக் காட்டிய கணக்கு. உறுப்பினரிடமிருந்து மறைப்பது எதுவும் இருக்கக் கூடாது. நாளைக்கு நிர்வாகி ஒருவர் தமக்கு வேண்டிய மண்டியில் கூடுதல் விலைக்கு வாங்கினால், அன்றைக்கே நூறு பேர் கண்ணில் படும். மொத்த வியாபாரியான நானே இதைச் சொல்கிறேன். என் விலை நியாயமாக இருந்தால் அந்தப் பட்டியலில் என் பெயரும் இருக்கும். இல்லாவிட்டால் இருக்க வேண்டாம்.

உறுப்பினர்களின் சொந்த செல்போன் நம்பர், பாக்கி விவரம் முதலியவை எந்தக் காரணத்திற்காகவும் பொதுக் கதவில் வரக் கூடாது. 2023-ல் இதற்கென்றே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒருவர் கடனைத் தெருவில் சொல்வது வியாபார மரியாதை அல்ல.

யார் எழுதுவது?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் அங்கம் வகித்த ஒரு சங்கம் (பெயர் வேண்டாம்) தளம் ஒன்றை ஆரம்பித்தது. திறப்பு விழா நடந்தது, பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோக்கள் எல்லாம் தளத்தில் ஏறின. விலைப்பட்டியலும் ஏறியது. ஏற்றியவர் பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அது 2015-ஆம் ஆண்டு. அந்த ஐப்பசியில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயை எட்டியது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் தளத்திலோ சித்திரை மாத விலை அப்படியே நின்றது. ஓர் அம்மாள் செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு உறுப்பினர் ஒருவர் கடைக்கு வந்து, "உங்கள் சங்கமே இந்த விலை போட்டிருக்கிறது, நீங்கள் கொள்ளையடிக்கிறீர்களே" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். முப்பது வருஷம் எடையில் ஒரு கிராம் குறைக்காதவர் அவர். அன்று தலைகுனிந்து நின்றார். அவர் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. தவறு எங்களுடையது. நானும் அந்தக் குழுவில் இருந்தவன்தான்.

பழைய விலை எழுதிய பலகை, பலகையே இல்லாத கடையை விட மோசம். எனவே எந்தப் பக்கத்தைத் தொடங்குவதானாலும் மூன்று கேள்விகளுக்குத் தீர்மானப் புத்தகத்தில் பதில் எழுத வேண்டும். இதை எழுதுபவர் யார்? எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்? அவர் வராத நாளில் யார்? மூன்றுக்கும் பெயரோடு பதில் இல்லையென்றால் அந்தப் பக்கம் வேண்டாம். இருபது சரக்குக்குத்தான் தினமும் விலை எழுத முடியும் என்றால் இருபதோடு நிறுத்துங்கள். அகல உழுவதை விட ஆழ உழுவது மேல். அந்த வேலையைச் செய்பவருக்குச் சம்பளம் கொடுங்கள். இலவசமாகச் செய்கிறேன் என்று வரும் நண்பரின் உற்சாகம் ஆடி வரை தாங்கும், ஐப்பசி வரை தாங்காது.

சாவி யார் கையில்?

அதே சங்கத்தின் தளம் எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தளத்தின் பெயரை ஓர் இளைஞர் தம் சொந்த ஈமெயிலில் பதிவு செய்திருந்தார். நல்ல பிள்ளை. வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கும் நோட்டீஸ் எல்லாம் அவர் பயன்படுத்தாத அந்த ஈமெயிலுக்கே போனது. கெடு தாண்டி, பெயர் கைமாறிவிட்டது. எங்கள் சங்கத்தின் பெயரைத் தட்டினால் சம்பந்தமில்லாத வேறு ஏதோ வந்து நின்றது.

கடை வாடகை ஒப்பந்தத்தை வேலைக்காரப் பையன் பெயரில் போடுவோமா? தளத்தின் பெயர் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் ஈமெயிலில், சங்கத்தின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கட்டிப் பதிவாக வேண்டும். புதுப்பிக்கும் தேதி சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். கடவுச்சொல் தலைவரிடமும் செயலாளரிடமும் முத்திரையிட்ட உறையில் இருக்க வேண்டும். நிர்வாகம் மாறும்போது கல்லாப்பெட்டிச் சாவியோடு அதுவும் கைமாற வேண்டும். கூட்டுறவு அமைப்புகளுக்கென்றே ".கூப்" என்று முடியும் தளப்பெயர் ஒன்று உலக அளவில் இருக்கிறது. நினைத்தவர்கள் எல்லாம் அதை வாங்கிவிட முடியாது. கூட்டுறவு என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். தமிழ் எழுத்திலேயே ".இந்தியா" என்று முடியும் பெயரும் கிடைக்கிறது. எதை எடுத்தாலும் சரி, அது சங்கத்தின் சொத்தாக இருக்கட்டும்.

நண்பர்கள் அந்தக் காகிதத்தை என் மேஜையிலேயே வைத்துத் திருத்தினார்கள். கோபுரப் படம் போனது. வாழ்த்துரையும் போனது. விலைப்பட்டியல் முதல் பக்கத்துக்கு வந்தது. ஆனால் அதற்கு எதிரே "எழுதுபவர்" என்று ஒரு கட்டம் போட்டேன். அதை நிரப்ப அன்று யாரும் முன்வரவில்லை. "அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்" என்றார்கள்.

அந்தக் கட்டம் நிரம்பும் வரை தளம் கட்டுபவருக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மற்றப் பகுதிகளில் இதே எண்ணம் வைத்திருக்கும் வணிக அன்பர்களுக்கும் இதுவே என் வேண்டுகோள்.