முதல் 12 வாரங்களுக்கு யார் பொறுப்பு?

கர்ப்பிணிச் செவிலியர் வார்டு மாற்றம் கேட்பது சலுகை கேட்பதாம். தொற்று இந்தத் தொழிலோடு வருவதாம். முகக்கவசமும் கையுறையும் இருந்தால் போதுமாம். மருத்துவமனை நிர்வாகங்களின் தரப்பில் திரும்பத் திரும்ப வைக்கப்படும் வாதம் இது. அறியாமையைக் கடமையுணர்ச்சி என்று விற்கும் இந்த வாதத்தை இனியும் பொறுக்க முடியாது.

சின்னம்மை காற்றில் பரவும். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றிக்கொள்ளும். ரூபெல்லா, தடிப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே பரவத் தொடங்கும். பலருக்கு அறிகுறியே இராது. யாரிடம் எச்சரிக்கையாக இருப்பது என்று செவிலியர் எப்படி அறிவார்? கருவுற்ற முதல் 12 வாரங்களில் ரூபெல்லா தாக்கினால், 90 விழுக்காடு வரை கருவுக்குப் பாதிப்பு நேரலாம்: கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு. ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இந்தத் தொடர்பை 1941-லேயே சொல்லிவிட்டார்.

சட்டப் பாதுகாப்பு இருக்கிறதே என்கிறார்கள். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் படித்துவிட்டுப் பேசட்டும். கருவைப் பாதிக்கக்கூடிய வேலையிலிருந்து விலக்குக் கேட்கும் உரிமையை அது பேறுகாலத்துக்கு முந்தைய சுமார் 10 வாரங்களுக்கே தந்தது. ஆபத்து உச்சத்தில் இருக்கும் முதல் மூன்று மாதங்கள் அதன் கணக்கிலேயே இருக்கவில்லை.

ரூபெல்லா, சின்னம்மைத் தடுப்பூசிகள் உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமிகளால் ஆனவை. கர்ப்ப காலத்தில் போடக் கூடாது. முன்பே போட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் 2017-இல் நடந்த தட்டம்மை-ரூபெல்லா முகாம் 15 வயதுக்கு உட்பட்டோருக்கானது. அன்று அந்த வயதைத் தாண்டியிருந்தவர்களில் பலர் இன்று வார்டுகளில் பணியாற்றுகிறார்கள். அவர்களின் எதிர்ப்பாற்றலைச் சோதிக்காத நிர்வாகத்துக்குக் கடமையைப் பற்றிப் பாடம் நடத்த என்ன தகுதி?

சக செவிலியருக்குச் சுமை கூடும் என்பது கடைசி அஸ்திரம். அம்மை வார்டுக்கு எதிர்ப்பாற்றல் உள்ளவரை அனுப்புவதில் என்ன சுமை? சுமை, நிரப்பப்படாத பணியிடங்களால் வருகிறது. அந்தக் குறையை மறைக்க ஒரு பெண்ணின் கர்ப்பத்தைக் குற்றமாக்குவது கயமை. தடுப்பூசியால் எல்லாத் தொற்றையும் தடுத்துவிடவும் முடியாது: பார்வோ வைரஸ் பி19-க்குத் தடுப்பூசியே கிடையாது. கருவில் கடும் ரத்தசோகையை உண்டாக்கக்கூடியது அது. அந்தத் தொற்றுள்ள நோயாளியின் அருகில் கர்ப்பிணியை நிறுத்தாமல் இருப்பது அடிப்படை மருத்துவ ஒழுக்கம்.

பணியில் சேரும் நாளிலேயே ரத்தப் பரிசோதனை, தேவைப்படுவோருக்கு நிர்வாகச் செலவில் தடுப்பூசி, கர்ப்பத்தைத் தெரிவித்த அன்றே வார்டு மாற்றம். இவற்றை எழுத்தில் விதியாக்குங்கள். ஒப்பந்தச் செவிலியர் வேலை போகுமென்று அஞ்சாமல் கேட்க, அந்த விதி ஒன்றே வழி.