வீடும் கந்தோரும்

உத்தியோகம் புருட இலட்சணம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அவ்வுத்தியோகம் இன்று மகளிருக்கும் உரியதாயிற்று. ஆயின் அதனை எவ்விடத்திலிருந்து ஆற்றுதல் வேண்டும் என்பதைப் பழமொழி கூறவில்லை. வாரத்திற் சில நாள் கந்தோரிலும் சில நாள் வீட்டிலுமாகத் தொழில் புரியும் முறை நம்மிடையே நிலைபெற்று வரும் இக்காலத்தில், அதற்கு நாம் எங்ஙனம் ஆயத்தமாதல் வேண்டும் என்பதைப் பழைய மாணவர் முன்னிலையில் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

கண்டிக்கு இருப்புப்பாதை வந்தது 1867ஆம் ஆண்டில். அதே ஆண்டில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் வர்த்தகத்துக்கான தேயிலைச் செய்கையைத் தொடக்கினார். 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் ஆரம்பமாயிற்று. கொழுந்து மலையில் விளைந்தது; கணக்கும் கடிதமும் கொழும்பிலே குவிந்தன. கற்ற மலைநாட்டு இளைஞன் உத்தியோகம் நாடிக் கொழும்புப் புகையிரதத்தில் ஏறுவதும் அங்கு ஒரு வாடகை அறையில் ஒண்டிக் கிடப்பதும் வழக்கமாயின. அம்பிட்டியவில் வீடு, ஏறத்தாழ 115 கிலோமீற்றருக்கு அப்பால் தொழில். பெற்றோர் முதுமையுற்ற காலத்தில் அருகிருக்க மாட்டாமை எத்தனை பிள்ளைகளுக்கு நெஞ்சை உறுத்தும் குறையாயிற்று என்பதை நம்முட் பலரும் அறிவோம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோய் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு பிறந்தபோது, கந்தோர்கள் ஒரே நாளில் வீடுகளுக்குள் நுழைந்தன. 2022 யூன் இறுதியில் எரிபொருள் அற்றுப்போக, இயன்றோர் வீட்டிலிருந்தே பணி செய்யுமாறு மீண்டும் பணிக்கப்பட்டனர். அவ்வாண்டு மார்ச்சு 31இல் மின்சாரம் 13 மணி நேரம் நிறுத்தப்பட்டதையும் மறந்தோமல்லோம். சமையலறை மேசையிலும் கட்டில் விளிம்பிலும் கணனியை வைத்து அக்காலத்தை ஓட்டினோம். மழைக்கு ஒதுங்குவது வேறு, வீடு கட்டிக் குடியிருப்பது வேறு. ஒதுங்கிய இடத்தையே வீடென்று கொண்டு ஆண்டுகளைக் கழிப்பதே இன்று நாம் காணும் பிழை.

இம்முறை பயன் தருமோ என ஐயுறுவார் ஒரு செய்தியை நோக்குக. சீனாவின் டிறிப் நிறுவனத்தில் 1612 ஊழியரைக் கொண்டு 2021, 2022ஆம் ஆண்டுகளில் நிகழ்த்திய ஆய்வின் பேறு 2024இல் வெளியாயிற்று. வாரத்தில் இரு நாள் வீட்டிலிருந்து பணி செய்தோரின் வேலைத்திறன் குன்றவில்லை. வேலையை விட்டு விலகியோர் தொகை மூன்றிலொரு பங்கு குறைந்தது. மகளிரும் நெடுந்தூரம் பயணஞ் செய்வோருமே மிகுந்த நன்மை பெற்றனர். நம் மலைநாட்டார்க்கு இதனினும் பொருத்தமான சான்று வேண்டுமோ?

நிலையான ஆயத்தத்துக்கு மூன்று வேண்டும். முதலாவது இடம். முழங்கை மேசையளவில் அமையும் நாற்காலி, கண்மட்டத்தில் நிற்கும் திரை, பக்கத்திலிருந்து வரும் வெளிச்சம் ஆகியவை ஆடம்பரமல்ல. முதுகையும் கண்ணையும் காக்கும் கருவிகள். மின்தடையின்போது இணைய இணைப்பைக் காக்கும் மின்கலமும் வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நம் மலைகளில் இடி மிகுதி; அப்போது இணைப்புகளைக் கழற்றிவிடும் பழக்கமும் வேண்டும்.

இரண்டாவது காலம். 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ நிறுவிய குருமடம், 1955இல் புனாவுக்குப் பெயரும்வரை அம்பிட்டியவிலேயே விளங்கிற்று. உறைவிடமும் கல்விக்கூடமும் வழிபாட்டிடமும் அங்கே ஒரே வளவில் அமைந்திருந்தன. நம் கோயில்களிலும் காலந்தவறாப் பூசையே ஒழுங்கின் உயிர். ஓரிடத்திற் பல கடன்கள் நிகழுமாயின் அவற்றைப் பிரித்து வைக்க வல்லது வேளையொன்றே. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, கந்தோர் ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணியும் வாரத்துக்கு 45 மணியும் என எல்லை வகுத்தது. வீட்டுக்குள் புகுந்தமையால் அவ்வெல்லை கரைந்துபோதல் தகாது.

மூன்றாவது உடன்பாடு. இந்தியாவின் பெரு நிறுவனமாகிய ராற்றா கன்சல்ரன்சி, 2025இல் ஊழியருள் நூற்றுக்கு 25 பேரே கந்தோரில் இருந்தாற் போதும் என 2020இல் அறிவித்தது. 2023இலோ வாரம் ஐந்து நாளும் வருமாறு அழைத்தது. வாய்ச்சொல்லை நம்பி ஊர் திரும்பிக் கடன்பட்டு வீடு திருத்தியவன் நிலை யாதாகும்? எந்நாள் கந்தோர், எந்நாள் வீடு, மின்சாரச் செலவு யாருடையது என்பனவெல்லாம் எழுத்திலே இருத்தல் வேண்டும்.

கந்தோர் முற்றாக ஒழிதல் வேண்டுமென நாம் சொல்லவில்லை. இளம் இலிகிதன் முதியோர் அருகிருந்து காண்பதாற் கற்பன பல. ஆதலின் ஒரு குழுவினர் யாவரும் ஒரே நாளிற் கந்தோரிற் கூடுதல் நன்று. ஆளில்லா அறைக்கு ஒருவர் மட்டும் மூன்று மணி நேரம் பயணஞ் செய்து போவதாற் பயனில்லை.

இனி, நாம் முதன்மையாகக் கருதும் ஒன்று உண்டு. வீட்டிலிருந்து தொழில் புரிக என்பார், வீட்டில் இடமுண்டென்று எண்ணுகின்றனர். பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயன் காம்பிராவில் ஒரு குடும்பமே வாழ, அங்கே மேசைக்கும் அமைதிக்கும் இடமேது? கூட்டுக்குடும்பத்து மருமகள் கணனி முன் அமர்ந்திருந்தாலும் அவளை வேலையில் இருப்பவளாக வீட்டார் கொள்வரோ? இடமுடையோர்க்கு மட்டும் இம்முறை உதவுமாயின், அது பழைய ஏற்றத்தாழ்வுக்குப் புதிய வடிவமேயாகும்.

எனவே இந்த யூபிலி ஆண்டின் நினைவாகப் பழைய மாணவர் சங்கம் ஒரு தொழிலறையை அமைத்தல் வேண்டுமென முன்மொழிகின்றோம். பத்து மேசை, நல்ல நாற்காலிகள், உறுதியான இணைய இணைப்பு, மின்தடையைத் தாங்கும் மின்கலம் ஆகியவை போதும். மாணவர்க்கு இடையூறு நேராவண்ணம் தனி வாயிலுடன், ஆண் பெண் இருபாலார்க்கும் அது திறந்திருக்கட்டும். கல்வெட்டும் நினைவுத் தூணும் நம் பெயரைச் சொல்லும். அவ்வறையோ ஒரு பிள்ளையைப் பெற்றோர் அருகே இருத்தி வைக்கும். இவற்றுள் எது நம் கல்லூரிக்குப் பெருமை என்பதை அன்பர்கள் சிந்திப்பார்களாக.