பாட்டைத் திட்டாதீர்கள், சங்கத்துக்குக் கூப்பிடுங்கள்

விழிஞ்ஞத்தில் நம்மவர் நாலு பேர் கூடினால் இப்போது எழும் குறை இது: “பிள்ளைகள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, தாளத்துக்குப் பேசுகிற அந்த ராப் பாட்டையே கேட்கிறார்கள். படிப்பும் போச்சு, மரியாதையும் போச்சு.” கட்டட வேலைக்கும் சுமை வேலைக்கும் விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் வீடு திரும்பும் பெற்றோருக்கு இந்தக் கவலை வருவது இயல்புதான். ஆனால் தோழர்களே, எதைத் திட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு திட்டுவோம்.

ஹிப் ஹாப் பிறந்த கதை நம் கதைக்குத் தூரமானதல்ல. 1973 ஆகஸ்டு 11 அன்று, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் நடந்த விருந்தில் அது தொடங்கியதாகச் சொல்வார்கள். இசைத்தட்டைச் சுழற்றிய கூல் ஹெர்க்குக்கு வயது 18. ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்து வந்த வீட்டுப் பிள்ளை. வேலையில்லாமல், வீடுகள் எரிந்து, கேட்பாரற்றுக் கிடந்த பகுதி அது. அங்கே பழைய இசைத்தட்டையும் வாய்ச்சொல்லையும் கருவியாக்கியவர்கள் ஏழைப் பிள்ளைகளே.

தமிழிலும் இதற்கு முதலில் வழி திறந்தவர்கள் கடல் கடந்த தமிழர்கள்தாம். மலேசியாவின் யோகி பி – நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ 2006இல் வந்தது. 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாடிய ‘என்ஜாய் என்ஜாமி’ உலகமெங்கும் ஒலித்தது. அதற்குள் இருப்பது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பிய அறிவின் பாட்டியின் வாழ்க்கை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அம்மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனை மேடையில் பேசினாலும் பிள்ளைகள் காதில் ஏறாத அந்தச் சரித்திரத்தின் வாடை, ஒரு பாட்டில் ஏறியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மலையாளப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. “சோறு போடு, தண்ணி கொடு” என்ற அளவில் சுருங்கிய தமிழ், இப்பாட்டுகளால் கொஞ்சம் விரிகிறது. ஒரு வார்த்தைக்குப் பொருள் கேட்டுப் பாட்டியிடம் போகிற பிள்ளையை விரட்டலாமா?

குறையும் உண்டு. கார், தங்கச் சங்கிலி, மது என்று ஆசை காட்டும் பாட்டுகள் ஏராளம். ஹிப்ஹாப் தமிழாவின் ‘கிளப்புல மப்புல’ 2011இல் வந்தபோது, பெண்களுக்கு மட்டும் ஒழுக்கம் போதிப்பதா என்று கண்டனம் எழுந்தது. இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மூன்று நிமிடம் கோபப் பாட்டைக் கேட்டுத் தலையாட்டிய இளைஞன், போராடி முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான். மறுநாள் கூலியைப் பிடித்து வைத்த காண்டிராக்டர் முன்னால் வாய் திறப்பதில்லை.

பாட்டு எப்போது பலிக்கும்? கொடைக்கானலைப் பாருங்கள். பாதரசக் கழிவுப் பிரச்சினையால் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. நோயுற்ற தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுப் படி ஏறினார்கள். 2015இல் சென்னையின் சோபியா அஷ்ரப் அதை ராப் பாட்டாக ஆங்கிலத்தில் பாடினார். உலகம் திரும்பிப் பார்த்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் விஷயத்தில் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. சங்கம் இல்லாதிருந்தால் அந்தப் பாட்டு வெறும் வேடிக்கையாய்ப் போயிருக்கும். பாட்டு இல்லாதிருந்தால் சங்கத்தின் குரல் மலையைத் தாண்ட இன்னும் எத்தனை ஆண்டு ஆகியிருக்குமோ!

நாம் வாழும் கேரளத்துக்கு இது புதிதல்ல. 1952இல் கே.பி.ஏ.சி. மேடையேற்றிய ‘நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி’ நாடகத்தின் பாட்டுகள் ஊர் ஊராகப் பரவின. பாட்டுக்குப் பின்னால் ஓர் இயக்கம் இருந்தது.

ஆகவே பெற்றோர்களே, காதிலிருந்து ஒயரைப் பிடுங்காதீர்கள். என்ன கேட்கிறாய் என்று உட்கார்ந்து கேளுங்கள். கிளைகள் அடுத்த கூட்டத்தில் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் மைக் கொடுக்கட்டும். கூலி பாக்கியை, ரேஷன் கார்டு அலைச்சலை, வாடகைக் கொடுமையை அவர்கள் பாடட்டும். தாளம் அவர்களுடையதாக இருக்கட்டும். பாக்கிக் கணக்கை நாம் எடுத்துக் கொடுப்போம்.